வீட்டுக் கணினியில் அப்டேட்டை நிறுத்திவிடலாமா?

வீட்டில் இருக்கும் விண்டோஸ் 11 மடிக்கணினியில் அப்டேட்டை அடியோடு நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மகளின் இணையவழித் தேர்வுக்கு முந்தைய இரவு அது தானாக ஓடத் தொடங்கி 30 சதவீதத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றதையும், பொறுக்க முடியாமல் நீங்கள் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்ததையும், மறுபடி போட்டபோது செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி வந்து வயிற்றைக் கலக்கியதையும் எழுதியிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் அந்த இரவு இன்னொரு முறை வரக் கூடாது என்று நீங்கள் நினைப்பது முழுக்க நியாயம். அப்டேட் எப்போது ஓட வேண்டும் என்ற முடிவை இயந்திரத்திடம் விட்டுவைக்காமல், மாதத்தில் ஒரு காலைப் பொழுதை நீங்களே அதற்குக் குறித்துக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

ஏன் நிறுத்தக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து தன் பாதுகாப்புத் திருத்தங்களை மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் வெளியிட்டு வருகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் அப்போது காலை 10 மணி. இந்தியாவில் இரவு 10.30, அங்கே குளிர்காலமாக இருந்தால் 11.30. இரண்டாவது செவ்வாய் என்பது எப்போதும் 8-ஆம் தேதிக்கும் 14-ஆம் தேதிக்கும் இடையில்தான் வரும் என்பதால் நாள்காட்டியில் குறித்துக்கொள்வது எளிது. திருத்தம் வெளியாகும்போது ஓட்டை எங்கே இருந்தது என்பதும் கூடவே வெளியாகிவிடுகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடத் தெரிந்தவருக்கு எந்த வரி மாறியிருக்கிறது, ஏன் மாறியிருக்கிறது என்று சில நாள்களில் விளங்கிவிடும். ஆகவே அப்டேட் வெளியான பிறகு அதைப் போடாமல் இருக்கும் கணினி, அது வெளியாவதற்கு முன்பு இருந்ததைவிட அதிக ஆபத்தில் இருக்கிறது.

வானாகிரை என்ற பணம்பறி நிரல் பரவிய கதையை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். கோப்புகளை வலைப்பின்னலில் பகிரும் பழைய வசதி ஒன்றில் இருந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே அடைத்துவிட்டது. தாக்குதல் தொடங்கியது மே 12 அன்று. இடையில் 59 நாள்கள் இருந்தன. அந்த 59 நாள்களில் ரீஸ்டார்ட்டை நாளைக்கு, அடுத்த வாரத்துக்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தவர்களின் கணினிகள்தாம் பெரும்பாலும் மாட்டின. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பூட்டப்பட்டன. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. வீட்டுக் கணினி ரௌட்டருக்குப் பின்னால் இருப்பதால் அந்த வகைத் தாக்குதல் அதை நேராக எட்டுவது கடினம் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் மின்னஞ்சலில் வரும் ஓர் ஆவணமோ, உலாவியில் திறக்கும் ஒரு பக்கமோ, உறவினர் கொண்டுவந்து செருகும் பென் டிரைவோ ரௌட்டரைக் கேட்டுக்கொண்டு உள்ளே வருவதில்லை.

அப்டேட்டே கெடுத்துவிடும் என்ற அச்சம் வெறும் கற்பனை என்றும் நான் சொல்லமாட்டேன். 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, கோப்புறைகளை வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருந்த சிலரின் ஆவணங்களையும் படங்களையும் அழித்தே விட்டது. மைக்ரோசாஃப்ட் அந்த வாரமே வெளியீட்டை நிறுத்தி, தவறைச் சரிசெய்து, நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் வெளியிட்டது. அதை நிறுவியவர்களில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவர்தாம் கோப்பு இழந்ததாகப் புகார் தெரிவித்தார்கள் என்றார்கள். அந்த ஒருவராக நாம் இருந்தால் கணக்கு ஆறுதல் தராது. மறுபுறம், 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையங்களில் கணினிகள் செயலிழந்து நீலத்திரை வந்த நிகழ்வை விண்டோஸ் அப்டேட்டின் குற்றமாகப் பலர் இன்றும் சொல்கிறார்கள். அது கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் மென்பொருளுக்கு வந்த ஒரு கோப்பால் நேர்ந்தது. பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் அந்த மென்பொருளை வாங்கிப் பயன்படுத்திய நிறுவனங்களுக்கு உரியவை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் அந்த நாளுக்குப் பிறகு அப்டேட்டை நிறுத்திவிட்டதாகச் சொன்ன பலரை நான் சந்தித்திருக்கிறேன்.

இனி அந்த 30 சதவீதத்துக்கு வருகிறேன். அப்டேட் மூன்று கட்டங்களாக நடக்கிறது. நீங்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பின்னணியில் இறங்கி, புதிய கோப்புகளை விண்டோஸ் தனக்கென வைத்திருக்கும் கிடங்குக் கோப்புறை ஒன்றில் அடுக்கிவைக்கிறது. பயன்பாட்டில் இருக்கும் கோப்பை அப்படியே மாற்ற முடியாது; ஓடும் பேருந்தில் சக்கரத்தைக் கழற்றுவதைப் போன்றது அது. அதனால்தான் ரீஸ்டார்ட் கேட்கிறது. அணையும்போது ஒரு பகுதியும், மீண்டும் எழும்போது மறு பகுதியுமாகப் பழையவற்றை அகற்றிப் புதியவற்றை அவற்றின் இடத்தில் வைக்கிறது. திரையில் தெரியும் சதவீதம் நேரத்தின் அளவு அன்று, முடிந்த படிகளின் அளவு. ஒரு படியில் நான்கு கோப்புகள் இருக்கலாம், அடுத்த படியில் நாலாயிரம் இருக்கலாம். எனவே 30-இல் நாற்பது நிமிடம் நின்றுவிட்டு 30-இலிருந்து 100-க்கு மூன்றே நிமிடத்தில் போவது வழக்கமான காட்சிதான். எஸ்எஸ்டி உள்ள கணினியில் இது பெரும்பாலும் பத்து இருபது நிமிட வேலை. சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள பழைய கணினியில் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதும் உண்டு. உங்களுடையது பின்னதாக இருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாக வந்த வரி உங்களைக் கலங்கவைத்தாலும் உண்மையில் அது நல்ல செய்தி. பாதியில் மின்சாரம் போனதைக் கணினி உணர்ந்து, பாதி புதியதும் பாதி பழையதுமாகக் கிடக்காமல், பழைய நிலைக்கே முழுமையாகப் போக முயல்கிறது என்பதுதான் அதன் பொருள். அந்த நேரத்தில் இரண்டாவது முறை அணைத்திருந்தால்தான் உண்மையான சிக்கல் வந்திருக்கும். நீங்கள் அப்போது கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது சரியான செயல்.

அடுத்த முறை நின்றால் என்ன செய்வது? மேசைக் கணினியாக இருந்தால் கேபினட்டின் முகப்பில் இருக்கும் சிறிய விளக்கைப் பாருங்கள். அது விட்டுவிட்டு மினுக்கிக்கொண்டிருக்கும் வரை டிஸ்க் வேலை செய்கிறது. மடிக்கணினியில் விளக்கு இல்லையென்றால் அடிப்பக்கத்தில் காதை வைத்தால் ஹார்டு டிஸ்க் உரசும் மெல்லிய ஒலி கேட்கும். விசிறி கூடுவதும் குறைவதுமாக இருப்பதும் ஓர் அறிகுறி. இரண்டு மூன்று மணி நேரம் ஆகியும் எந்த அசைவும் இல்லை என்றால் மட்டும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்கலாம். அதற்குப் பிறகும் விண்டோஸ் எழாமல் இரண்டு மூன்று முறை தோற்றால் பழுதுநீக்கும் நீலத் திரை தானாகவே வரும். அதில் டிரபிள்ஷூட் என்பதற்குள் போனால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று ஒன்று இருக்கும். கடைசியாகப் போட்ட மாதாந்திர அப்டேட்டை மட்டும் அங்கிருந்தே நீக்கலாம். உங்கள் கோப்புகளை அது தொடாது.

முன்னேற்பாடுகளில் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் யாரும் எச்சரிப்பதில்லை. விண்டோஸ் 11 உள்ள பல மடிக்கணினிகளில், வாங்கிய நாளிலிருந்தே உள்ளே இருக்கும் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும்; அதாவது அதிலுள்ள தகவல், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டிருக்கும். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பை மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்துப் புதிதாக நிறுவினால், வீட்டுப் பதிப்பில்கூட இந்தப் பூட்டு பெரும்பாலும் தானாக விழுந்துவிடுகிறது. திருடன் கையில் கணினி போனால் தகவல் போகாமலிருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் பயாஸ் என்ற, கணினியை எழுப்பும் அடிப்படை நிரலுக்கான ஓர் அப்டேட்டோ, அரிதாக ஒரு மாதாந்திர அப்டேட்டோ போட்ட பிறகு, கணினியின் அடையாளம் மாறிவிட்டதாக நினைத்து அந்தப் பூட்டு சாவி கேட்கும். நீலத் திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்டுவிட்டு அது காத்திருக்கும். ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுக் கட்டங்கள்.

என் சித்தப்பா மகள் ஒரு காலையில் அழுதுகொண்டே போன் செய்தாள். முந்தைய நாள் அப்டேட் போட்ட அவளுடைய லேப்டாப் அந்தத் திரையில் நின்றுகொண்டிருந்தது. சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும், கணக்குக்குள் போய்ப் பார் என்றேன். எந்தக் கணக்கு என்று கேட்டாள். நான்கு ஆண்டுகளுக்கு முன் லேப்டாப் வாங்கிய கடையில், அங்கிருந்த பையன் அவசரத்துக்கு ஏதோ ஒரு மின்னஞ்சலை உருவாக்கி, அதைக் கொண்டு விண்டோஸைத் தொடங்கிக் கையில் கொடுத்திருக்கிறான். அந்த மின்னஞ்சலின் பெயர் யாருக்கும் நினைவில்லை; அந்தப் பையனும் அங்கே வேலையில் இல்லை. அவளுடைய ஆய்வேட்டின் இரண்டு அத்தியாயங்களும் பாட்டியின் எண்பதாம் கல்யாணப் படங்களும் அந்த டிஸ்க்கில் இருந்தன. சாவி இல்லாமல் அந்தப் பூட்டைத் திறக்க எவராலும் முடியாது. கடைசியில் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகத்தான் போட்டோம். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் இதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

ஆகவே இன்றே ஒரு வேலை செய்யுங்கள். செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டி என்ற பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று இருந்து, அது போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடப்பட்டிருந்தால், அக்கவுண்ட்ஸ் பகுதியில் எந்த மின்னஞ்சல் காட்டப்படுகிறதோ அதே கணக்கில் மைக்ரோசாஃப்ட் தளத்துக்குள் நுழைந்து, உங்கள் கருவியின் பெயருக்குக் கீழே இருக்கும் மீட்புச் சாவியைத் தேடி எடுங்கள். அந்த 48 இலக்கங்களையும், பக்கத்தில் இருக்கும் சாவியின் அடையாளக் குறியின் முதல் எட்டு எழுத்துகளையும் ஒரு தாளில் அச்சிட்டு, ரேஷன் கார்டும் பத்திரமும் வைக்கும் இடத்தில் வையுங்கள். கணினிக்குள்ளேயே ஒரு கோப்பாகச் சேமித்து வைப்பது வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதற்குச் சமம். கணக்கு உங்களுடையது இல்லையென்றால் முதலில் உங்கள் கணக்குக்கு மாறி, சாவி அங்கே வந்து சேர்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே அப்டேட் போடுங்கள்.

பேக்கப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. மகளின் பாடக் கோப்புகளும் குடும்பப் படங்களும் வெளியே ஒரு ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு பிரதியாக இருக்க வேண்டும். நகலெடுத்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட வேண்டும். 1809-இல் கோப்பு இழந்தவர்களில் இப்படி ஒரு பிரதி வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு மாலை நேரத் தொல்லையோடு முடிந்திருக்கும்.

இடமும் மின்சாரமும் அடுத்தவை. மாதாந்திர அப்டேட்டுக்கு சி டிரைவில் பத்து ஜிபியாவது காலியாக இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை வரும் பெரிய பதிப்பு மாற்றத்துக்கு இருபதுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியின் பேட்டரி நூறு சதவீதம் காட்டினாலும் சார்ஜரைச் செருகியே அப்டேட் போடுங்கள், ஏனென்றால் பழைய பேட்டரி காட்டும் எண்ணை நம்ப முடியாது. மேசைக் கணினியின் யூபிஎஸ் பெரும்பாலும் பத்து இருபது நிமிடமே தாங்கும். அது சேமித்துவிட்டு அணைப்பதற்கான அவகாசமே தவிர அப்டேட்டை முடிப்பதற்கானதன்று. மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளை விட்டுவிடுங்கள். பயாஸ் அப்டேட் என்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். அது சில கணினிகளில் விண்டோஸ் அப்டேட் வழியாகவே, ஃபர்ம்வேர் என்ற பெயரில் வருகிறது. அது ஓடும்போது மின்சாரம் போனால் தாய்ப்பலகையே செயலிழக்கக்கூடும்.

எந்த நாளில் போடுவது என்று கேட்டால், நான் இரண்டாவது செவ்வாய் வந்து நான்கு நாள் கழித்து, அந்த வாரச் சனிக்கிழமை காலையில் போடுகிறேன். உலகெங்கும் அவசரப்பட்டுப் போட்டவர்களுக்குப் பெரிய கோளாறு ஏதும் வந்திருந்தால் அதற்குள் செய்தி வந்துவிடும். தாக்குபவர்களுக்கும் அதிக அவகாசம் கிடைப்பதில்லை. அதற்கு மேல் ஒரு வாரத்தைத் தாண்டி விடுவதை நான் ஏற்பதில்லை. இரண்டாவது செவ்வாய்க்கு வெளியே அவசரமாக ஒரு திருத்தம் வந்தால் அது ஏற்கனவே தாக்குதலில் இருக்கும் ஓட்டைக்காகவோ, முந்தைய அப்டேட்டின் கோளாற்றைச் சரிசெய்யவோ வந்திருக்கும். அன்றைக்கே போட்டுவிடுவது நல்லது. மாதத்தின் நான்காவது வாரத்தில் பிரிவியூ என்ற சொல்லோடு வருவது அடுத்த மாதத்து அப்டேட்டின் முன்னோட்டம். அது கட்டாயமன்று, வீட்டுக் கணினிக்குத் தேவையுமன்று. புதியவற்றை உடனுக்குடன் பெறுவதற்கான பொத்தான் ஒன்றும் செட்டிங்ஸின் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் இருக்கும். அதை அணைத்தே வையுங்கள்.

தேர்வு இரவில் நடந்தது மறுபடி நடக்காமலிருக்க அந்தப் பக்கத்தில் இரண்டு வசதிகள் போதும். ஆக்டிவ் அவர்ஸ் என்பதில் அதிகபட்சம் 18 மணி நேரம் குறிக்கலாம். காலை 6 முதல் இரவு 12 வரை என்று வைத்தால் அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. தேர்வு வாரத்துக்கு முந்தைய வாரமே பாஸ் அப்டேட்ஸ் என்பதை அழுத்தி நிறுத்திவையுங்கள். ஐந்து வாரம் வரை நீட்டிக்கலாம், அதற்குப் பிறகு நிலுவையில் இருப்பதைப் போட்டுவிட்டுத்தான் மறுபடி நிறுத்த முடியும். இந்த வரம்பு சரியானது என்பதே என் கருத்து. சில கடைகளில் வாடிக்கையாளருக்கு உதவுவதாக நினைத்து அப்டேட் சேவையையே முடக்கிக் கொடுக்கிறார்கள்; இரண்டு ஆண்டு கழித்து அந்தக் கணினி கைக்கு வரும்போது எல்லாம் சேர்ந்து கொட்டி, எது எதைக் கெடுத்தது என்றே தெரியாமல் போகிறது.

தினமும்தான் அணைத்துப் போடுகிறோமே, ரீஸ்டார்ட் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் என்பதில் சிபியுவை அழுத்தி, கீழே அப் டைம் என்ற எண்ணைப் பாருங்கள். நேற்றிரவு அணைத்த கணினி 23 நாள் ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்லும். விரைவாக எழுவதற்காக, ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் மையப் பகுதியை மூடாமல் டிஸ்க்கில் அப்படியே எழுதிவைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட் மட்டும்தான் எல்லாவற்றையும் உண்மையாகவே மூடித் திறக்கிறது.

கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைப்பவராக இருந்தால், அந்த வைஃபையின் பண்புகளில் மீட்டர்ட் கனெக்ஷன் என்பதைப் போட்டுவையுங்கள்; அந்த இணைப்பில் அப்டேட் பெரும்பாலும் தானாக இறங்காது. மாதாந்திர அப்டேட் சில நூறு எம்பியிலிருந்து ஒரு ஜிபிக்கு மேலும் போகலாம். தினசரி டேட்டா ஒரே மூச்சில் தீர்ந்துவிடும்.

ஓர் அப்டேட் மீண்டும் மீண்டும் தோற்றால் அது உங்கள் தவறாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி 5034441 என்ற திருத்தம் லட்சணமாக இயங்கிய கணினிகளிலும் தோற்றது. பழுதுநீக்கத்துக்கென டிஸ்க்கில் ஒதுக்கிவைத்திருக்கும் மீட்புப் பகுதியில் 250 எம்பி காலியிடம் இல்லாததுதான் காரணம். விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் செட்டிங்ஸின் ரெகவரி பக்கத்தில், விண்டோஸ் அப்டேட் வழியாகவே விண்டோஸை மறுநிறுவல் செய்யும் பொத்தான் இருக்கிறது. கோப்புகளும் செயலிகளும் அப்படியே இருக்கும், கோப்புறைகளை நீங்கள் கையால் அழிக்கத் தேவையில்லை. அப்டேட் உதவி என்று இணையத்தில் தேடிக் கிடைக்கும் எந்தச் சிறு மென்பொருளையும் இறக்காதீர்கள். உலாவிக்குள் முழுத்திரையில் அப்டேட் ஓடுவதாகக் காட்டும் பக்கங்களும் மோசடிதாம். உண்மையான அப்டேட் செட்டிங்ஸுக்குள் இருந்து மட்டுமே வரும்.

உறவினர் எவரிடமாவது இன்னும் விண்டோஸ் 10 இருந்தால், அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதைச் சொல்லுங்கள். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெறுவதற்கு ஒரு நீட்டிப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டவர்களுக்கு அது கட்டணமின்றி வழங்கப்பட்டது.

உங்கள் கணினியில் அன்றிரவு திரும்பப் பெறப்பட்ட அப்டேட் இன்னும் வரிசையில் காத்துக்கொண்டிருக்கும். அப்டேட் ஹிஸ்டரியில் அது தோற்றதாகக் குறிக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். சாவியைத் தாளில் எடுத்து, கோப்புகளை நகலெடுத்து, சார்ஜரைச் செருகி, வரும் சனிக்கிழமை காலை அதை ஓடவிடுங்கள். முடிந்ததும் இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்து, மகள் தேர்வெழுதும் மென்பொருளைத் திறந்து கேமராவும் மைக்கும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பிரிண்டரில் ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள். அப்டேட்டோடு வந்த டிரைவரால் (ஒரு கருவியை இயக்க விண்டோஸுக்கு உதவும் சிறு நிரலால்) ஏதாவது ஒன்று முரண்டு பிடித்தால், டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியின் மேல் வலது பொத்தானை அழுத்தி, பண்புகளில் ரோல் பேக் டிரைவர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய டிரைவர் திரும்பிவிடும். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்து அழுத்த முடியவில்லை என்றால், திரும்பிப் போக முந்தைய டிரைவர் சேமிக்கப்படவில்லை என்று பொருள். அப்போது மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து அந்தக் கருவிக்கான டிரைவரை எடுத்துப் போடுங்கள்.